கச்சான் குழுவின் மூன்றாவது கசெட்

மருதமுனை,
12.06.2010

அன்பின் தர்சிகா,

உன் சித்திரை மாதக் கடிதம் கிடைத்தது. அந்தப் பழைய வெள்ளைக்காரக் குழு இருபது வருடங்களுக்குப் பிறகு ஒன்றுசேர்ந்து மேடையேறியதை நீ ரொறன்ரோவில் போய்ப் பார்த்து எழுதிய நாலு பக்கத்தையும், நம் சட்டப்படி மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் பேனையை எடுக்கிறேன். கல்முனை ரியூசன் வகுப்பின் பின்வாங்கில் நாம் போட்ட சட்டம். மூன்று தரம் கேட்காமல் ஒரு பாட்டைப் பற்றி எழுதக்கூடாது. ரெலிபோனில் பாட்டுக் கதை கதைக்கக்கூடாது, எழுதத்தான் வேண்டும். எட்டு வருடமாக நான் அதை மீறவில்லை.

பாடகரின் வயிறு முதலில் மேடைக்கு வந்தது, குரல் மூன்றாவது பாட்டில்தான் வந்தது என்று எழுதியிருந்தாயே, அதை நூலகத்தில் இருந்து வாசித்து, 'மௌனம் காக்கவும்' பலகைக்கு நேர் கீழே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் கடைசிப் பக்கத்துக்குச் சிரிக்கவில்லை. அந்தக் கிழவர் கிற்றாரில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அரங்கு முழுக்க மூச்சடக்கிக் கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் எனக்குப் பொறாமை வந்தது. நான் எல்லாவற்றையும் றேடியோவுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்துதான் கேட்டிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். வாப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூட. காலையில் சுனாமி வீட்டுத்திட்டத்தைச் சுற்றி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவர் தேத்தண்ணிக் கடை வரைக்கும்தான் நடக்கிறார். ஒலுவில் வளாக நூலகத்தில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சந்திச் சோதனைச் சாவடியை எடுத்து, மணல் மூட்டை கிடந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். பஸ்சில் இறங்கி ஏறாமல் ஒரே இருப்பில் வேலைக்குப் போகிறேன். முதல் கிழமை, ஏதோ மறந்துவிட்டுப் போகிறாற்போல இருந்தது.

இனி உன்னை இருக்கச் சொல்லிவிட்டு எழுதவேண்டிய செய்தி. கச்சான் குழு திரும்ப மேடையேறுகிறது. அடுத்த மாதம் பதினேழாம் திகதி, சனிக்கிழமை பின்னேரம், கல்முனையில். நம் பாடகர் சாலிஹ் இப்போது நடத்தும் போன் திருத்தும் கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நான் நின்று வாசிக்கும்போது, கச்சான் வறுத்ததா அவிச்சதா தங்கச்சி என்று ஓர் ஓட்டோக்காரர் கேட்டார். பத்து வருடத்துக்கு முன்பும் இதே பகிடிதான். காற்றின் பெயரை வைத்த பிள்ளைகளைக் கடலை விற்கிறவர்களாக்கிப் பார்ப்பதில் நம் ஊருக்கு அலுப்பே வரவில்லை.

நீ இதை வாசித்ததும் முதல் கசெட்டுக்குத்தான் போவாய் என்று தெரியும். 'கல்முனைக்கு ரெண்டு டிக்கட்'தான் அவர்களின் உச்சம் என்பது உன் கட்சி. போன மாதம் திரும்பவும் மூன்று தரம் கேட்டேன். ஏழு பாட்டில் ஒன்றுகூட நாலு நிமிடத்தைத் தாண்டவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல இருந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்கள். சாலிஹ் ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் விழுங்குவது முன்பு எனக்குப் பிடிக்காது. இப்போது பிடிக்கிறது, பஸ் வந்துவிட்டது என்று ஓடுகிற ஆளின் கதை மாதிரி. இதுவரை உன்னோடு ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாவது கசெட் 'மின்வெட்டு'தான் பெரிய வேலை. அதன் தலைப்புப் பாட்டில் உண்மையாகவே கரண்ட் போனது உனக்கு நினைவிருக்கும். தனுசனின் கிற்றார் நடுச்சுரத்தில் செத்துப்போகிறது, பதியும் பெட்டி மட்டும் பற்றறியில் ஓடுகிறது. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். உன் அண்ணா நிறுத்தவில்லை. மூன்று நொடி தனியாக ட்ரம்ஸ். பிறகு சாலிஹ் மைக் இல்லாத தொண்டையால் பாடத் தொடங்குகிறார். அந்த மூன்று நொடியில் பிரசாந் அண்ணா வேகத்தைக் கூட்டவும் இல்லை, பலத்தைக் கூட்டவும் இல்லை. கரண்ட் இருந்தபோது அடித்தது போலவே அடிக்கிறார். அதை அவர்கள் வெட்டாமல் வெளியிட்டார்களே, அதற்காகவே அவர்களை வாழ்நாள் முழுக்க மதிக்கலாம். சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த ரெண்டு வருடத்தில், பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் மருதமுனை முஸ்லிம் பிள்ளையும் ஒரே கொட்டிலில் இருந்து செய்த பாட்டு. சண்டை முடிந்து ஒரு வருடமாகியும் அப்படி ஒன்றை வேறு யாரும் செய்து நான் கேட்கவில்லை.

நோட்டீசின் அடியில் சாலிஹ் ஒன்று எழுதியிருக்கிறார். மூன்றாவது கசெட்டுக்கான ஒத்திகைப் பதிவு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தரவும், பிரசாந் கடைசியாக வாசித்தது அதில்தான் என்று.

இனி எழுதப்போவதை மூன்று தரம் வாசிக்க வேண்டாம்.

நீங்கள் கனடாவுக்குப் போவதற்கு முதல் நாள் அந்தக் கசெட்டைத்தான் என்னிடம் கேட்டாய். கடல் கொண்டுபோய்விட்டது என்றேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து, உனக்கு உம்மாவே போய்விட்டார், நான் கசெட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேனே என்று அழுதாய். நான் சொன்னது பொய், தர்சிகா.

2004 ஐப்பசியில் நீ அதை என்னிடம் தந்தாய். ஒன்றுதான் இருக்கு, பிரதி எடுக்கவில்லை, கவனம் என்றும் சொன்னாய். அதற்குப் பன்னிரண்டாம் நாள் நான் வகுப்புக்குப் போயிருந்தபோது, எங்கள் ஒழுங்கையிலிருந்து பக்கீர் முகைதீன் நானா லீவு முடிந்து றியாத்துக்குப் புறப்பட்டார். அங்கே வேலை செய்த வாப்பாவுக்கு உம்மா எப்போதும் கசெட்டில்தான் பேசி அனுப்புவார். போனில் கதைத்தால் கார்ட் முடியுதே என்ற பயத்தில் வாய் வராது, கசெட்டிலென்றால் மூச்சுவிட்டுக் கதைக்கலாம் என்பார். அன்று வீட்டில் வெறும் கசெட் இல்லை. றேடியோவுக்குள் கிடந்ததை எடுத்து, ஒரு பக்கம் முழுக்கவும் மறுபக்கத்தில் முக்கால்வாசியும் பேசி, நானாவிடம் கொடுத்துவிட்டார். நான் வரும்போது பஸ் போய்விட்டது. நீ திரும்பக் கேட்டபோதெல்லாம், இன்னும் கேட்டு முடியவில்லை என்று சொன்னேன். பிறகு அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. உனக்கு அண்ணா இல்லாமல் போனார், எனக்கு உம்மா.

வாப்பா வேலையை விட்டு வரும்போது அந்தக் கசெட் அவரது பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு ஜும்ஆ முடிந்தும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். உம்மாவின் பேச்சு முடிந்ததும் நிறுத்திவிடுவார். நீ போன பிறகு, ஒருநாள் அவர் இல்லாத நேரம் அந்த இடத்துக்கு அப்பால் ஓடவிட்டுப் பார்த்தேன். இருக்கிறது, தர்சிகா. கடைசிப் பாட்டின் பின்பாதி, ஏறத்தாழ ஆறு நிமிடம். பிறகு உன் அண்ணா கதைக்கிறார். அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கசெட் அழிந்ததற்கு நானும் காரணம், பொய் சொன்னதற்கு நான் மட்டும்தான் காரணம்.

சாலிஹிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. நீ சொல்லாமல் திறக்கவும் மாட்டேன். உன் கோபம் நியாயமானது, அதை நம் வழக்கப்படி எழுத்தில் அனுப்பு. எத்தனை பக்கமானாலும் வாசிப்பேன்.

இப்படிக்கு,
முனவ்வறா

•

மருதமுனை,
25.07.2010

அன்பின் தர்சிகா,

நாலு பக்கம் எழுதுகிறவள் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாய். அண்ணாட சத்தம் இருந்தா அவங்களுக்குக் குடு, எனக்கு இப்ப எழுத ஏலாது என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எழுத ஏலாது என்றவளை எழுதச் சொல்லி நச்சரிக்கவும் மனம் வரவில்லை. நீ சொன்னபடி செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதையும், பதினேழாம் திகதி நடந்ததையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் வாப்பாவிடம் போனேன். பிரசாந் அண்ணாவின் பாட்டு அதில் இருப்பது அவருக்குத் தெரியாதென்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லி, சாலிஹின் கடையில் கொடுத்துப் பிரதி எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உம்மா எனக்கெண்டு பேசினத கடையில நாலு ஆம்புளையள் இருந்து கேக்கவா மகள் என்றார். நானே வீட்டில் வைத்து, கடைசி ஆறு நிமிடத்தை மட்டும் எடுக்கிறேன், உம்மாவின் குரலைக் கேட்கமாட்டேன் என்றேன். பிறகு கசெட்டை எடுத்து என் கையில் வைத்து, இல்ல, முழுக்கக் கேளு, கேட்டுட்டு வா, அதுக்குப் பொறகு கதைப்பம் என்றார்.

கல்முனையில் ஒரு வயர் வாங்கி, வாப்பாவின் றேடியோவை என் கம்பியூட்டரில் பொருத்தி, ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் அறைக்குள் இருந்து முதலிலிருந்து முடிவு வரைக்கும் கேட்டேன். உம்மா கதைப்பதை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். கோழி எத்தனை முட்டை வைத்தது என்பதிலிருந்து, எங்கள் சாச்சி ஜுனைதாவின் மகனுக்குப் பெண் பார்த்து அது குழம்பிய கதை வரைக்கும், மூச்சுவிட்டுக் கதைக்கிறார். இடையில் என்னைத் திட்டுகிறார். நீயும் வருகிறாய். பாண்டிருப்புப் புள்ள வந்தா வீடு சிரிக்கும், போனா இவள் பழையபடி புத்தகத்துக்குள்ள போயிருவாள் என்கிறார்.

பாட்டு தொடங்கும் இடத்தில் ஒரு சத்தம், பொத்தானை அமர்த்தும் சத்தம், அவ்வளவுதான். உம்மாவின் ஸலாம் முடிகிறது, உன் அண்ணா பாட்டின் நடுவிலிருந்து வருகிறார். அந்த இடத்தில் வெட்டி, ஆறு நிமிடம் பதினெட்டு நொடியை சாலிஹிடம் கொடுத்தேன். முந்தியதை அவர் கேட்கவில்லை. தா என்றும் சொல்லவில்லை, அதில் என்ன இருந்தது என்றும் விசாரிக்கவில்லை.

சாலிஹ் கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார். நானும் தனுசனும் இருந்தோம். தனுசன் இப்போது மட்டக்களப்பில் கணக்கு வாத்தியார், முகத்தில் கண்ணாடியும் கண்டிப்பும். பாட்டு ஓடி ஒரு நிமிடத்துக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரசாந் இவ்வளவு நிதானமா ஒருநாளும் அடிச்சதில்லையே என்றார் சாலிஹ். வாப்பாவின் றேடியோ பெல்ற் தளர்ந்து கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் சுருதியும் அரைப்படி இறங்கிவிட்டது. கம்பியூட்டரில் சரிசெய்யலாம் என்று சொன்னேன். தனுசன்தான் வேண்டாம் என்றார். அவனை ஏன் திருத்துவான், நாங்க இறங்கிப் போவம் என்று கிற்றாரை எடுத்து, ஆறு நரம்பையும் அங்கேயே இறக்கிக் கட்டினார். எனக்கு இசையைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வாய்த்தால் அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதுவேன்.

இனிக் கச்சேரி. நாலரை மணி என்று போட்டு ஐந்துக்குத் தொடங்கினார்கள். மண்டபம் கொள்ளாத சனம், முந்நூறு பேருக்குக் குறையாது. இடப்பக்கம் பெண்களுக்குக் கதிரை. நான் நாலாவது வரிசையில், சாச்சி ஜுனைதாவைக் காவலுக்கு வைத்துக்கொண்டு இருந்தேன். சாச்சி முதல் பாட்டுக்குக் காதைப் பொத்தினார், மூன்றாவது பாட்டுக்கு இந்தச் சாலிஹ் பொடியனுக்கு மயிரெல்லாம் எங்க போச்சு என்று கவலைப்பட்டார், ஐந்தாவது பாட்டுக்குக் காலால் தாளம் போட்டார்.

ட்ரம்ஸுக்கு அம்பாறை நகரத்திலிருந்து ஒரு சிங்களப் பையன் வந்திருந்தான். பாட்டின் சொல் ஒன்றும் விளங்காமலே எல்லாவற்றையும் கசெட் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறான். நல்ல கை. 'கல்முனைக்கு ரெண்டு டிக்கட்'டை அவர்கள் எடுத்தபோது நீ இருந்திருக்க வேண்டும். பாதி மண்டபம் சேர்ந்து பாடியது, சாலிஹ் விழுங்கும் எழுத்துகளைச் சனமும் விழுங்கிப் பாடியது. உன் கட்சிக்கு அன்று வெற்றி என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாட்டுகளுக்கு வயதாகவில்லை. அவர்களுக்குத்தான் ஆகியிருக்கிறது, அதுவும் நல்லதுக்கே. முன்பு சாலிஹ் சனத்தைப் பார்க்காமல் பாடுவார். இப்போது ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துப் பாடுகிறார், யார் யார் மிச்சம் என்று எண்ணுகிறவர் போல. குறையும் சொல்லவேண்டும். 'மின்வெட்டு' பாட்டுக்கு வேண்டுமென்றே விளக்கை அணைத்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. தானாக நடந்ததைத் திரும்பச் செய்து காட்டக்கூடாது.

மஃரிப் பாங்குக்கு நிறுத்தி, தொழுதுவிட்டு வந்து, கடைசிப் பாட்டுக்கு வந்தார்கள். அம்பாறைப் பையன் எழுந்து மேடைக்குக் கீழே வந்து நின்றுகொண்டான். சாலிஹ் நீளமாகப் பேசவில்லை. இந்தப் பாட்டை நாங்க மூணு பேரும் சேர்ந்து முடிக்கல்ல, இண்டைக்கு முடிக்கிறம் என்றார். முதல் பாதிக்கு ட்ரம்ஸ் இல்லை. உம்மா பேசிய இடம் அது. கிற்றாரும் குரலும் மட்டும், அரைப்படி இறங்கின சுருதியில். அந்தப் பாட்டில் அவ்வளவு இடம் இருக்கிறதென்று முன்பு எனக்குத் தெரியாது. பிறகு நடுவில், ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள், உன் அண்ணா ஸ்பீக்கரிலிருந்து வந்தார்.

தர்சிகா, நான் வாசித்த புத்தகங்களில் இருந்து ஓர் உவமை எடுத்து இங்கே வைக்கலாம். வைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அடித்த அடிக்கு, தலை வழுக்கையான ஒருவரும் கண்ணாடி போட்ட ஒருவரும் பிந்தாமல் முந்தாமல் வாசித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. தனுசன் ஒரு தரம்கூடத் தன் விரலைப் பார்க்கவில்லை, ஆளில்லாத ட்ரம்ஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிவில் உன் அண்ணாவின் குரலையும் விட்டிருந்தார்கள். டேய், கடைசியில நான் அவசரப்பட்டுட்டன், இன்னொருக்காப் போவம் என்கிறார். அதோடு கசெட் முடிகிறது. சனம் கைதட்டவில்லை. இன்னொருக்கா வரும் என்று நினைத்து எல்லோரும் காத்திருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் என் தோளைத் தட்டி, யாரு புள்ள அது கதைச்சது என்று கேட்டார். பாண்டிருப்புப் பிரசாந் என்றேன். அண்ணா என்று சேர்க்கவில்லை. சேர்க்க மறந்ததைச் சாச்சி கவனித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இனி, நான் உனக்குச் சொல்லாமல் விட்டது.

போன கடிதத்தில், வெறும் கசெட் இல்லாததால் உம்மா கைக்குக் கிடைத்ததை எடுத்துவிட்டார் என்று எழுதினேன். எழுதும்போது அதைத்தான் உண்மையென்று நம்பினேன். அப்படி இல்லை. இரண்டாம் பக்கத்தில், பதினோராவது நிமிடத்தில், உம்மா அதை ஏன் எடுத்தார் என்று வாப்பாவுக்குச் சொல்கிறார். அறிந்துதான் எடுத்திருக்கிறார். என்னைப் பற்றி ஒன்று சொல்கிறார், உன் அண்ணாவைப் பற்றியும் சொல்கிறார். அவரைக் குறையாக ஒரு சொல் இல்லை. பன்னிரண்டு நாளாக நான் சோறு தின்னாமல் எதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன் என்பதை உம்மா கண்டிருக்கிறார். என் மனதில் இருந்ததை நான் உன்னிடம்கூடச் சொல்லவில்லை. உன் அண்ணாவோடு நான் கதைத்ததே நாலு தரம், அதில் இரண்டு தரம் நீ வீட்டில் இருக்கிறாயா என்று கேட்டது.

வாப்பா ஐந்து வருடத்துக்கு மேலாக வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இதைக் கேட்டுவிட்டு வந்து என்னோடு இருந்து சோறு தின்றிருக்கிறார். ஒருநாளும் ஒரு சொல் கேட்கவில்லை. நான் முழுக்கக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஒங்கும்மா கோபத்துல செய்யல்ல மகள், பயத்துல செய்தா, அந்தக் காலம் அப்பிடி என்று மட்டும் சொன்னார். பிறகு, அந்தப் புள்ளையிட பொருளைத்தான் நாம வெச்சிருக்கிறம், அவளுக்கு ஒண்டையும் வெட்டாம அனுப்பு என்றார். கடைக்காரர் கேட்கக்கூடாத குரலை நீ கேட்கலாம் என்று அவர் வைத்த கணக்கு எனக்கு விளங்கியது. உம்மா உன்னையும் பெற்ற பிள்ளை மாதிரித்தான் திட்டுவார்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு சீடி வருகிறது. நீல உறையில் ஆறு நிமிடம் மட்டும், உன் அம்மாவுக்குப் போட்டுக்காட்ட. வெள்ளை உறையில் முழுவதும். வெள்ளையை அனுப்பாமல் விட்டிருந்தால் நீ ஒருநாளும் அறியமாட்டாய், உம்மாவை இப்போது போலவே நினைத்திருப்பாய், என்னை ஒரு பொய்க்கு மட்டும் மன்னித்தால் போதுமாக இருந்திருக்கும். இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணாவின் பாட்டை அழித்த கை எதுவென்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இருக்கிறது. அது எதற்காக அழிக்கப்பட்டதென்று தெரிந்த பிறகும் நீ எனக்கு எழுதினால்தான் நான் உன் சிநேகிதி.

தனியாக இருக்கும்போது கேள். அந்த இடத்தில் உம்மா குரலைத் தணிக்கிறார், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். அவர் சொல்வது உண்மையா என்று என்னிடம் நீ கேட்கலாம். கேட்டால், ஓம் என்று எழுதுவேன். அதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியாது.

உனக்கும் அம்மாவுக்கும் அல்லாஹ் சுகத்தையும் ஆறுதலையும் தரட்டும். மூன்று தரம் கேட்கும் சட்டம் இதற்கு வேண்டாம். ஒரு தரம் கேட்டதும் எழுது. திட்டியாவது எழுது.

உன் பதிலுக்காக இருக்கும்,
முனவ்வறா